தில்லையாடி வள்ளியம்மை: காணாத மண்ணின் மகள்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் தில்லையாடி வள்ளியம்மையின் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவள் பிறந்தது தென்னாபிரிக்காவில், மறைந்ததும் அங்கேயே, தில்லையாடி மண்ணை அவள் மிதித்தறியாள் என்று சொன்னதும் தோஹாவிலேயே பிறந்து வளரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவ்வாறாயின் அவளைத் தில்லையாடி வள்ளியம்மை என்று அழைப்பது ஏன் என்று கேட்டாள். அவள் அமர்வதற்குள் பின்வரிசை மாணவன் ஒருவன் மற்றொரு வினாவைத் தொடுத்தான். அவள் வாளேந்தவில்லை, குண்டடி படவில்லை, காய்ச்சலில்தான் இறந்தாள் என்றால், அவள் இறந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது அவன் வினா. இருபது ஆண்டுகளுக்கு முன் தாயகத்துப் பாடசாலையொன்றில் இதே பாடத்தைக் கற்பித்தவன் நான். அங்கே எவரும் இவ்வாறு கேட்டதில்லை. மணி அடித்துவிட்டமையால் அன்று மறுமொழி கூறாமல் தப்பினேன். அவ்விரு பிள்ளைகளுக்கும் நான் பட்ட கடனை இம்மலரின் பக்கங்களில் தீர்க்க முயல்கின்றேன்.

வள்ளியம்மையின் கதையை விளங்கிக்கொள்ளக் கப்பலிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 10 சிலிங். 1911 வரை இவ்வாறு சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கி, காய்கறி பயிரிட்டும் கூடை சுமந்து விற்றும் பிழைக்கத் தொடங்கியபோதுதான் வெள்ளையர் ஆட்சி விழித்துக்கொண்டது. 1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும், மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் இருப்போர் ஆண்டுதோறும் தலைக்கு 3 பவுண் வரி செலுத்த வேண்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைக்கும், பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கும் இவ்வரி உண்டு. மூன்று பவுண் என்பது அறுபது சிலிங். புதிதாக வந்த கூலியின் ஆறு மாதச் சம்பளம்! நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுண். மாதம் 14 சிலிங் காண்பதே அரிதாயிருந்த வீட்டில் இதை எங்ஙனம் கட்டுவது? கட்ட இயலாதவன் மீண்டும் தோட்டத்துக்கே செல்வான். சட்டத்தின் உள்நோக்கமும் அதுவே.

இதே காலத்தில் வடக்கே டிரான்ஸ்வாலில் பொன் அகழப்பட்டது. 1886இல் எழுந்த ஜொகன்னஸ்பேர்க் நகரம் சில ஆண்டுகளில் உலகறிந்த நகரமாயிற்று. அங்கே குடியேறிச் சிறு வணிகம் நடத்திய தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று முனுசாமி முதலியாரின் குடும்பம். பெற்றோரின் பூர்வீகத் தொடர்பு, தரங்கம்பாடிக்கு அணித்தாயுள்ள தில்லையாடி என்னும் சிற்றூருடன் இருந்தது. 1898ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் அவர்களுக்குப் பிறந்த மகளே வள்ளியம்மை.

அவளுடைய பிள்ளைப்பருவத்தைப் பற்றி நீண்ட செய்திகள் ஏதும் எழுதிவைக்கப்படவில்லை. ஏழை வீட்டுப் பெண்பிள்ளையின் குழந்தைமையை யார் எழுதிவைப்பார்? ஆனால் அவள் எத்தகைய ஊரில் வளர்ந்தாள் என்பது நன்கு அறியப்பட்டதே. அவளுக்கு எட்டு வயதானபோது, 1906 செப்டெம்பர் 11இல், ஜொகன்னஸ்பேர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் ஏறத்தாழ மூவாயிரம் இந்தியர் கூடினர். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதிந்து சான்றிதழ் பெறவேண்டும் எனவும், பொலிசார் கேட்ட இடத்தில் அதைக் காட்டவேண்டும் எனவும் வரவிருந்த சட்டத்துக்குப் பணிவதில்லை என்று அங்கே சூளுரைக்கப்பட்டது. இங்கு ஒரு சொல். கட்டாரில் வந்திறங்கிய நாம் யாவரும் விரல் ரேகை பதிந்தவர்களே. அதில் இழிவு கண்டவர் நம்முள் அரியர். இன்று இது ஏறத்தாழ எல்லோர்க்கும் பொதுவாகிவிட்ட நடைமுறை. அன்றோ பத்து விரல்களையும் பதியும் வழக்கம் குற்றவாளிகளுக்கு உரியதாயிருந்தது. அதனை நிறம் பார்த்து ஓரினத்தார்மீது மட்டும் சுமத்தியதே அவர்களை வருத்தியது. 1908 ஆகஸ்ட் 16இல் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டபோது வள்ளியம்மைக்கு வயது பத்து. சத்தியாக்கிரகம் என்னும் சொல்லே அந்நகரத்துப் போராட்டத்துக்காக ஆக்கப்பட்ட புதுச்சொல். அவள் அச்சொல்லோடு கூடவே வளர்ந்தாள்.

இப்போராட்டத்தை நடத்தியவர் மோகன்தாஸ் காந்தி என்னும் வழக்கறிஞர் என்பதை யாவரும் அறிவர். அவர் பின்னே சிறை சென்றவர்களுள் டிரான்ஸ்வாலில் தமிழரே மிகுந்திருந்தனர் என்பதை அத்துணைப் பேர் அறியார். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு தம் தொழிலையும் செல்வத்தையும் இழந்து மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். நாகப்பன் என்னும் இளைஞன் கடுங்குளிர் காலத்தில் சாலையில் கல்லுடைக்கும் தண்டனை பெற்று, நோயுடன் வெளிவந்து, 1909 ஜூலை 6இல் மாண்டான். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி திரும்பி வந்தபோது எந்தத் துறையிலும் இறங்க விடப்படாமல் அலைக்கப்பட்டு, 1910 ஒக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார்.

சிறை சென்றோரின் குடும்பங்கள் தங்குவதற்காக 1910இல் ஜொகன்னஸ்பேர்க்கிற்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை நிறுவப்பட்டது. கலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் தமது 1100 ஏக்கர் நிலத்தை இதற்காக அளித்தார். நம் பள்ளியின் ஆசிரியர்கள் அப்பண்ணையைப் பற்றி ஒரு செய்தியை அறிந்துகொள்ளல் நன்று. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாபிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேச ஓரளவு அறிந்திருந்தும் எழுத்தறியார். அவர்களுக்குத் தமிழ் எழுத்தையும் இலக்கணத் தொடக்கத்தையும் கற்பித்தவர் குஜராத்தியரான காந்தியே. போப்பையரின் கைந்நூலை வைத்துத் தாமே அரைகுறையாகக் கற்ற தமிழ் அது. பேச்சில் பிள்ளைகள் அவரை எளிதாக வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் வரும்போது அப்பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர். வார இறுதித் தமிழ்ப் பள்ளி என்பது நாம் கண்டுபிடித்த ஒன்றன்று!

1913இல் காரியம் முற்றியது. அதற்கு முந்திய ஆண்டு தென்னாபிரிக்கா வந்த கோகலேயிடம் மூன்று பவுண் வரியை நீக்குவதாக அமைச்சர்கள் கொடுத்த வாக்கு காற்றில் விடப்பட்டது. மார்ச்சு மாதத்தில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாவெனும் பொருள் அதற்கு உண்டாயிற்று. ஒரு கையெழுத்தில் தாலி கட்டிய மனைவியர் யாவரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதோராயினர், பிள்ளைகள் உரிமையற்றவராயினர். அதுவரை பெண்களைப் போராட்டத்தில் சேர்க்கத் தயங்கியிருந்த காந்தி இப்போது அவர்களை அழைத்தார். அழைத்தபோதும் சிறையின் கொடுமைகளை மறைக்காமல் எடுத்துரைத்தார்.

முதலில் புறப்பட்டோர் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள். ஒருவர் நீங்கலாக மற்ற யாவரும் தமிழகத்து வழியினர். அறுவர் கைக்குழந்தையோடு வந்தனர். தடை செய்யப்பட்ட எல்லையைக் கடந்தார்கள். உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றார்கள். பொலிசார் கண்டும் காணாதிருந்தனர். சிறை புகுவதே அரிதாயிற்று. பின்னர் கஸ்தூரிபாய் உள்ளிட்ட பதினாறு பேர் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து நேட்டால் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுள் நுழைந்து, செப்டெம்பர் 23இல் மூன்று மாதத் தண்டனை பெற்றனர். டிரான்ஸ்வால் பெண்களோ எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களை அடைந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் குடிசைகளுக்குச் சென்று, அவர்களுக்கு விளங்கும் தமிழிலும் தெலுங்கிலும் மூன்று பவுண் வரியைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளர் வேலையை நிறுத்தினர்.

பொலிசார் இப்போது விழித்து, ஒக்டோபர் 21இல் அப்பெண்களைக் கைது செய்து மூன்று மாதச் சிறை விதித்தனர். ஆயினும் மூண்ட தீ அணையவில்லை. நவம்பர் 6ஆம் நாள் 2037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியின் பின்னே சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரை இறாத்தல் பாணும் சிறிது சீனியுமே உணவு. இந்நடைப்பயணத்தில் ஒரு தாயின் குழந்தை குளிரால் இறந்தது. மற்றொரு தாயின் குழந்தை ஓடையைக் கடக்கும்போது கைதவறி நீரில் மாண்டது. அத்தாய்மார் நடையை நிறுத்தவில்லை. காந்தி நான்கு நாள்களில் மூன்று முறை கைதானார். நடந்தவர்களைப் புகைவண்டியில் ஏற்றித் திரும்ப அனுப்பி, சுரங்கங்களையே சிறைகளாக அறிவித்து, சவுக்கால் அடித்து வேலை வாங்க முயன்றார்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அங்கே துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

முதற்குழுப் பெண்கள் சிறைப்பட்டதும், ஒக்டோபர் இறுதியில், அவர்தம் இடத்தை நிரப்ப இரண்டாம் குழுவொன்று ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து புறப்பட்டது. அதிலே தாயாருடன் புறப்பட்டவள் வள்ளியம்மை. வயது பதினைந்து. நம் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளின் வயது. சுரங்கப் பகுதிகளில் தொழிலாளரைச் சந்தித்து ஊக்கமளித்துவிட்டு எல்லைக்குத் திரும்பிய அவர்கள் டிசம்பரில் வொல்க்ஸ்ரஸ்ட் நகரில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, பீற்றர்மரிற்ஸ்பேர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

அச்சிறையில் பெண்களுக்கு இடப்பட்ட வேலை துணி துவைத்தல். உணவு உண்ணத் தகாதது. வெளியிலிருந்து உணவு வருவிக்க இசைவில்லை. சிறை புகுந்த சில நாள்களிலேயே வள்ளியம்மை காய்ச்சலில் விழுந்தாள். தண்டனைக் காலம் முடியுமுன் வெளியேறும் வாய்ப்பு வந்தபோது அவள் அதனை ஏற்கவில்லை என்பர். இறுதியில் விடுதலையாகி வந்தபோது அவள் உடலில் எஞ்சியிருந்தது எலும்பும் தோலுமே. அவள் உயரமான பெண். நோய் அவ்வுயரத்தைக் காண்பதற்கு மேலும் கொடிதாக்கிற்று. படுக்கையில் கிடந்த அவளைக் காந்தி வந்து கண்டார். சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என்று அவர் கேட்டதற்கு, இப்பொழுதே மீண்டும் கைது செய்தாலும் செல்வேன் என்றாள். அது மரணத்தில் முடிந்தால் என்ன செய்வாய் என்றபோது, நாட்டுக்காக இறக்க யார்தான் விரும்பார் என்னும் கருத்துப்பட விடை தந்தாள். சில நாள்களில் கண்மூடினாள். அது 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள். அவளுடைய பதினாறாவது பிறந்தநாள்.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. காந்தியைச் சுடவந்த துப்பாக்கியின் முன் வள்ளியம்மை பாய்ந்து நின்றாள் என்றும், கொடியில்லாத நாட்டவர் என்று எள்ளிய அதிகாரியிடம் தன் சேலையைக் கிழித்து இதுவே எம் கொடி எனக் காட்டினாள் என்றும் கதைகள் வழங்குகின்றன. நானும் அவற்றைச் சொல்லிக் கைதட்டல் பெற்றதுண்டு. காந்தி பின்னாளில் எரவாடாச் சிறையிலிருந்தபோது எழுதத் தொடங்கிய தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் வள்ளியம்மைக்குத் தனியிடம் உண்டு. இக்கதைகள் அங்கே இல்லை. உள்ளவை சிறையும், காய்ச்சலும், படுக்கையும், இரண்டு வினாக்களும், இரண்டு விடைகளுமே. அவளைப் பெரியவளாக்க நாம் கதை சேர்க்கும்போது, துணி துவைத்துக் காய்ச்சலில் கிடந்த உண்மையான பெண் சிறிது சிறிதாக மறைந்துவிடுகின்றாள்.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருகின்றேன். என்ன கிடைத்தது? கணக்குப் பார்த்தே சொல்லலாம். 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுண் வரி ஒழிந்தது. பழைய நிலுவையும் தள்ளப்பட்டது. நம் முறைத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. இவ்வளவுதான். வாக்குரிமை வரவில்லை; நிலம் வாங்கும் தடை நீங்கவில்லை; மாகாண எல்லைகள் திறக்கப்படவில்லை. நிறவெறி பின்னர் மேலும் கொடிதாகி, 1994இல்தான் அந்நாட்டில் யாவரும் வாக்களித்தனர். ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் உயிருக்கு இவை ஈடாகுமா என்று கேட்டால், பெற்ற தகப்பன் ஒருவனும் ஆம் என்று சொல்லமாட்டான். நானும் சொல்லேன்.

ஆயினும் கணக்கு அங்கே முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் தென்னாபிரிக்காவைவிட்டு நீங்கிய காந்தி, 1915 ஜனவரியில் இந்தியா சேர்ந்தபோது கையில் கொண்டுவந்தது அங்கே பயின்ற அம்முறை ஒன்றையே. 1917இல் சம்பாரணில் அவுரி பயிரிட்ட உழவருக்காகவும், 1930இல் உப்புக்காகவும் அதையே எடுத்தார். தண்டியை ஒட்டி இராஜாஜி நடத்திய உப்புப் பயணம் அவ்வாண்டு ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, வள்ளியம்மையின் பூர்வீகம் அமைந்த அதே தஞ்சைச் சீமை வழியாக நடந்து வேதாரணியத்தை அடைந்தது. சிறைக்கஞ்சாத ஏழைகள், முன்வரிசையில் பெண்கள், அநியாய வரி ஒன்று, அதை மீறும் நடைப்பயணம்: இவை யாவும் 1913இல் நியூகாசில் சாலையில் நடந்து பார்க்கப்பட்டவை. 1947இல் இந்தியா விடுதலை பெற்றதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. உலகப் போரும் கடற்படைக் கிளர்ச்சியும் அவற்றுள் அடங்கும். ஆனால் இலட்சக்கணக்கான எளிய மக்கள் ஆயுதமின்றி அதில் பங்கு கொள்ள ஒரு வழி இருந்தது. அவ்வழியை முதலில் நடந்து காட்டியவர்கள் தமக்கென ஒரு நாடுமற்றிருந்த கூலிகளும் கூடைக்காரருமே.

இவ்வழி எங்கும் எப்பொழுதும் வெல்லும் என்று நான் கற்பிப்பதில்லை. கற்பிக்கவும் என்னால் இயலாது. 1956 ஜூன் 5இல் கொழும்பு காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் அடித்து விரட்டப்பட்டனர். 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் வாரக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகம் அவசரகாலச் சட்டத்தால் அடக்கப்பட்டது. அதன்பின் நடந்தவற்றின் பயனாய் ஊரிழந்து, கடல் கடந்து, அகதி முகாமில் இருந்து, இங்கு வந்து சேர்ந்தவன் நான். ஆகவே நேட்டாலில் வென்றது காலிமுகத்தில் தோற்றது ஏன் என்று பலகால் எண்ணியதுண்டு. எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. நேட்டாலில் மக்கள் அமர்ந்து மட்டும் இருக்கவில்லை. கரி வெட்டுவது நின்றது, கரும்பு வெட்டுவது நின்றது. ஆட்சியாளருக்கு அவர்களின் கை தேவைப்பட்டது. மற்றொன்று, வெளியே கேட்கும் செவிகள் இருந்தன. இந்தியாவின் அரசப் பிரதிநிதியான ஹார்டிஞ்சு பிரபுவே 1913 நவம்பரில் சென்னையில் அவர்கள் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசினார். இலண்டன் அதனைப் புறக்கணிக்க முடியவில்லை. மற்றோரிடத்தில் இவ்விரண்டும் இல்லாதபோது அமர்ந்தவர்களின் மனவுறுதி குறைந்தது என்று யாரும் சொல்லற்க.

மாணவியின் வினா எஞ்சியுள்ளது. தென்னாபிரிக்காவை நீங்குமுன், 1914 ஜூலை 15இல், பிராம்பொன்டெயின் இடுகாட்டில் நாகப்பன், வள்ளியம்மை ஆகிய இருவருக்கும் எழுப்பிய நினைவுக் கற்கள் காந்தி முன்னிலையில் திறக்கப்பட்டன. அவள் பெயரில் ஒரு மண்டபம் எழுப்புவதென அங்குள்ள இந்தியர் தீர்மானித்தனர். காந்தி அவ்வரலாற்றை எழுதியபோதும் அம்மண்டபம் எழுந்திருக்கவில்லை. தீர்மானம் போடுவதில் நம்மவர்க்கு என்றுமே குறைவில்லை! மறு ஆண்டு தமிழகம் வந்த காந்தியும் கஸ்தூரிபாயும் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் சென்றார்கள். அவளுக்காகச் சென்றார்கள். அவள் வராத ஊருக்கு அவள் பெயர் அவர்களோடு வந்தது. அன்றிலிருந்தே அவள் தில்லையாடி வள்ளியம்மை. பின்னாளில் தமிழக அரசு அங்கே நினைவு மண்டபம் எழுப்பியது. இந்திய அஞ்சல் துறை 2008 டிசம்பரில் அவள் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

இவ்வாண்டு விழாவில் மேல்வகுப்பு மாணவர்கள் வள்ளியம்மை நாடகத்தை நடிக்கின்றார்கள். கொடிக் காட்சியை நான் நீக்கிவிட்டமையால் சிலருக்கு என்மேல் வருத்தம். அதற்கு ஈடாக டால்ஸ்டாய் பண்ணையின் வகுப்பறைக் காட்சி சேர்க்கப்பட்டுள்ளது. காந்தி தப்பும் தவறுமாகத் தமிழ் பேச, பிள்ளைகள் திருத்துவார்கள். காந்தியாக நடிப்பவர் நம் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் பணிபுரியும் கும்பகோணத்து அன்பர். ஒத்திகையில் தமிழைப் பிழைபடப் பேசுவதே அவருக்குப் பெரும்பாடாயிருக்கின்றது. வள்ளியம்மையாக நடிப்பவள், அவளைத் தில்லையாடி வள்ளியம்மை என்பது ஏன் என்று கேட்ட அதே மாணவி. இறுதிக் காட்சியில் போர்த்திப் படுப்பதற்கு வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவருமாறு அவளிடம் சொல்லியிருக்கின்றேன்.